பரிசில் கடாநிலை

தென்காசிப் பக்கத்தில் 'ரசிகர்' என்னும் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. ரசிகமணி என்று தமிழுலகம் அழைத்த டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் பிற்காலத்தைக் கழித்து, 1954-இல் மறைந்த ஊர் குற்றாலம். ரசிகர் என்றால் கைதட்டிவிட்டுக் கலைந்து போகிறவர் என்று அவர் கருதவில்லை. கம்பனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய அவர்தாம், கம்பன் பெயரில் அச்சாகி வந்த பாடல்களில் பெரும்பகுதியை இடைச்செருகல் என்று ஒதுக்கியவரும். பாடல்களில் திருத்தங்கூடச் செய்தார். பண்டிதர்கள் சினந்தார்கள். அவர் செய்தது முறையா என்ற வழக்கை இங்கே தொடங்கப் போவதில்லை (வகுப்பில் தொடங்கினால் மணி அடித்த பிறகும் அது முடிவதில்லை). ஆனால் அந்தச் செயலுக்குப் பின்னால் நின்ற துணிவு எனக்கு எப்போதுமே வியப்புத் தருவது. மிகுதியாக நேசிப்பவனுக்குக் குறைசொல்லும் உரிமையும் மிகுதி என்பதே அந்தத் துணிவின் பொருள்.

கவிதையைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்து வந்த நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். நான் எழுத வந்தது கால்பந்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு கால்பந்துக் கழகத்தை நேசித்து, அதை நடத்துகிறவர்களின் போக்கால் மனம் நொந்துகிடக்கும் ரசிகர்களைப் பற்றி. அவர்களுள் நானும் ஒருவன். தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவனுக்குச் சென்னையின் எஃப்.சி.யோடு என்ன உறவு என்று உடன் பணியாற்றுவோர் கேட்பதுண்டு. 600 கிலோமீட்டருக்கும் அப்பால் ஆடப்படும் ஓர் ஆட்டத்துக்காக, மறுநாள் காலை முகம் தொங்கிப்போய் வகுப்புக்கு வருகிறவனைப் பார்த்து வேறு என்னதான் கேட்பார்கள்?

எங்கள் ஊரின் இருப்பிடத்தைச் சற்று விளக்க வேண்டும். தென்காசியிலிருந்து மேற்கே செங்கோட்டையைக் கடந்து புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. எங்கள் சந்தைகளின் காய்கறி லாரிகள் மேற்கே போகின்றன. சாரல் காலத்தில் அங்கிருந்து மக்கள் அருவிக்கு வருகிறார்கள். கொச்சி எங்களுக்குச் சென்னையின் தொலைவில் பாதிகூட இல்லை. ஆகவே ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நனைந்த சட்டையோடு நிற்கும் இளைஞர் கூட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் மஞ்சள் நிறத்தைக் காணாத ஆண்டே இல்லை. என் மாணவர்களிலும் கால்பந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் மஞ்சள்காரர்கள். நீலத்துக்கு எங்கள் துறையில் நான் ஒருவன்தான்.

இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014-இல் சென்னையின் எஃப்.சி.யும் பிறந்தது. அபிஷேக் பச்சன், வீட்டா தானி, மகேந்திர சிங் தோனி ஆகியோர் அதன் உரிமையாளர்கள். திரைநட்சத்திரத்தையும் கிரிக்கெட் நட்சத்திரத்தையும் முன்நிறுத்திக் கால்பந்தை விற்கிறார்களே என்ற ஐயம் எனக்கு அப்போது இருந்தது. அந்த ஐயத்தைக் கரைத்தது 2015-ஆம் ஆண்டின் இறுதி. சென்னை வெள்ளத்தில் மூழ்கிய டிசம்பர் அது. பருவத்தின் நடுவே பட்டியலின் அடியில் கிடந்த அணி, மளமளவென்று வென்று அரையிறுதிக்கு வந்தது. தன் ஊரிலே ஆட முடியாமல் அரையிறுதியின் 'சொந்த மைதான' ஆட்டத்தைப் புனேயில் போய் ஆடியது. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில், 90-ஆவது நிமிடம் நெருங்கும்போது 1-2 என்று பின்தங்கியிருந்த அணி, எதிரணிக் காவலர் தம் வலைக்குள்ளேயே விட்ட பந்தாலும், ஆட்டம் முடியும் தறுவாயில் மெண்டோசா அடித்த கோலாலும் 3-2 என்று வென்றது. வெள்ளம் வடிந்த வீட்டில் சேற்றை வழித்துக்கொண்டிருந்த ஊருக்கு அந்தக் கோப்பை என்ன செய்துவிட முடியும்? ஒன்றும் செய்துவிட முடியாதுதான். ஆயினும் அன்றிரவு நான் தூங்கவில்லை.

என் அக்காள் மகனும் அன்று தூங்கவில்லை. அவன் அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. ஆட்டம் முடிந்த நொடியில் தொலைபேசியில் அழைத்து "பாத்தியளா மாமா?" என்றான். அதற்கு மேல் இருவராலும் ஒன்றும் பேச முடியவில்லை. அடுத்த ஆண்டு என் அத்தான் இறந்துபோனார். தந்தையை இழந்த பிள்ளையிடம் பேசத் தாய்மாமனுக்கு ஆயிரம் இருக்கும் என்பார்கள். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அவனும் வாய்திறந்து அழுகிறவன் அல்லன். ஆனால் ஆட்ட நாள்களின் இரவில் அவன் அழைப்பு தவறியதில்லை. இடைவேளையில் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை. நடுக்கள ஆட்டக்காரர் ஏன் பின்னுக்கே பந்தைத் தள்ளுகிறார் என்று தொடங்கும் பேச்சு, அம்மாவின் மூட்டுவலி மாத்திரை, வீட்டுக் கடன், பெண் பார்க்கும் படலம் என்று எங்கெங்கோ போய்த்தான் நிற்கும். பந்தை முன்னிட்டுக்கொண்டு நாங்கள் துக்கத்தைப் பேசிக்கொண்டோம் என்று இப்போது விளங்குகிறது.

2018 மார்ச் 17 அன்று பெங்களூருவின் கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு அணியையே 3-2 என்று வீழ்த்திச் சென்னையின் இரண்டாவது முறை வாகைசூடியபோது அவன் அங்கே இருந்தான். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் அந்த வெற்றியணியின் நடுக்களத்தில் இருந்தார். தொலைபேசியில் அவன் குரலே கேட்கவில்லை. கூட்டத்தின் இரைச்சல்தான் கேட்டது. பேரருவியின் அடியில் நின்றுகொண்டு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

அதற்குப் பின் நடந்ததை எண்களாலேயே சொல்லிவிடலாம். 2018-19 பருவத்தில் நடப்பு வாகையர் பத்து அணிகளில் பத்தாவது. 2019-20-இல் ஒரு மின்னல்: பருவத்தின் நடுவே பொறுப்பேற்ற ஓவன் கோய்ல், அணியை இறுதியாட்டம் வரை கொண்டுபோனார், கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றது. பிறகு 2020-21, 2021-22, 2022-23 என்று மூன்று பருவங்கள் தொடர்ந்து எட்டாம் இடம். திரும்பி வந்த கோய்லின் கீழ் 2023-24-இல் ஆறாம் இடம். 2024-25-இல் பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடம். 2019 தொடங்கி 2023 வரையிலான காலத்தில் ஜான் கிரகரி, கோய்ல், சாபா லாஸ்லோ, பாந்தோவிச், பிரடாரிச் என்று ஐந்து அயல்நாட்டுப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். இடையில் 2022-இல் பருவம் முடியும்வரை தாங்கிப்பிடிக்க நம்மூர்க்காரரான சையது சாபிர் பாஷாவை அழைத்தார்கள். பருவம் முடிந்ததும் அடுத்த அயல்நாட்டவரைத் தேடினார்கள்.

தோல்வியைப் பற்றிய புலம்பல் அல்ல இது. தோல்வி விளையாட்டின் பகுதி. சாரல் பொய்த்த ஆண்டுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆடி மாதத்தில் பாறை தெரியும் பேரருவியின் முன் நின்று யாரும் குற்றாலநாதரைக் கோபித்துக்கொள்வதில்லை. மழை யாருடைய கணக்குப்புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை அல்லவா? ஆனால் ஒரு கழகத்தின் வறட்சி அவ்வாறானதன்று. எந்த வீரரை வைத்துக்கொள்வது, எவரை விடுவது, பயிற்சியாளருக்கு எத்தனை ஆண்டு தருவது, இளைஞர் அணிக்கு எவ்வளவு செலவிடுவது என்பவை மனிதர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து எடுக்கும் முடிவுகள். அந்த மேசையில் ரசிகனுக்கு நாற்காலி இல்லை. முடிவின் காரணத்தை அவனுக்குச் சொல்லவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. வாகைசூடிய அணியைக் கலைத்துவிட்டு எட்டாம் இடத்தை மூன்று முறை கொண்டுவந்து கொடுத்தவர்கள், அதற்கான திட்டம் என்ன என்று ஒருநாள் கூடி உட்கார்ந்து சொல்லியிருந்தால், எட்டாம் இடத்தையும் நாங்கள் சுமந்திருப்போம்.

2025-இல் நேர்ந்தது இதனினும் பெரிது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010-இல் செய்துகொண்ட 15 ஆண்டு வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ஆம் தேதியோடு முடிவடையவிருந்தது. லீகை நடத்திவந்த நிறுவனம், ஒப்பந்தத்தின் எதிர்காலம் தெளிவாகாத நிலையில் பருவத்தைத் தொடங்க இயலாது என்று ஜூலை 11 அன்று கழகங்களுக்குத் தெரிவித்தது. ஒப்பந்தம் முடியும் நாள் 15 ஆண்டுகளாக எல்லாருக்கும் தெரிந்த நாள். இருந்தும் அந்த நாள் நெருங்கும்வரை எவரும் மாற்று ஏற்பாட்டை முடித்துவைக்கவில்லை. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி.யும், அதைத் தொடர்ந்து சென்னையின் எஃப்.சி.யும் தம் முதல் அணி வீரர்கள், பணியாளர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தன. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. புதிய வணிக உரிமைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது நவம்பரில் ஒருவர்கூட முன்வரவில்லை. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் லீக், 2026 பிப்ரவரி 14-இல் சுருங்கிய வடிவில்தான் தொடங்கியது.

இடைப்பட்ட மாதங்களில் ஆட்டம் இல்லை. ஆகவே அழைப்பும் இல்லை. அக்டோபரில் கோவாவில் நடந்த சூப்பர் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலிடம் 0-4 என்று தோற்ற இரவில் மட்டும் அவனாகப் பேசினான். "இனிமே நான் டிக்கெட் எடுக்க மாட்டேன் மாமா. இவுக நடத்துத நடத்துக்கு நம்ம காசும் வேணுமாக்கும்?" என்றான். பத்து ஆண்டுகளாக ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் ஒரே பகுதியில் நின்று தொண்டைகட்டப் பாடியவன் அவன். கழுத்துத்துண்டை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னான். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் தொலைபேசியை வைத்தபின், இனி இவன் எதை முன்னிட்டு என்னை அழைப்பான் என்ற கவலை வந்தது. கழகத்தை நடத்துகிறவர்களின் வரவுசெலவில் இடம்பெறாத இழப்பு இது. எந்தத் தணிக்கையாளரும் இதைக் கணக்கில் எழுதப் போவதில்லை.

மலைக்கு அந்தப்பக்கத்தில் இந்தக் கோபம் முன்னரே வெடித்திருந்தது. கேரளா பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் மூன்று இறுதியாட்டங்களை ஆடி மூன்றிலும் தோற்ற அணி. 2024-25 பருவம் முடியும்வரை அதன் அலமாரியில் ஒரு பெரிய கோப்பைகூட இல்லை. அப்படியிருந்தும் நாட்டிலேயே பெரிய ரசிகர் கூட்டங்களுள் ஒன்று அதற்கு வாய்த்திருக்கிறது. அந்த ரசிகர்களின் அமைப்பான மஞ்ஞப்படை, 2024 டிசம்பரில் கழக நிர்வாகத்துக்கு எதிராக வெளிப்படையாகப் போராட்டம் அறிவித்தது. டிக்கெட் விஷயத்தில் இனி ஒத்துழைப்பதில்லை என்றும் கூறியது. அம்மாதமே பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரே நீக்கப்பட்டார். பயிற்சியாளரைப் பலியிட்டுவிட்டு நிர்வாகம் தப்பித்துக்கொள்கிறது என்பதே ரசிகர்களின் வாதமாயிருந்தது. அணி அந்தப் பருவத்தை எட்டாம் இடத்தில் முடித்தது.

புளியரைப் பக்கத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். விடுமுறையில் பஸ் பிடித்துக் கொச்சிக்குப் போய் ஆட்டம் பார்த்து, விடியற்காலையில் திரும்பி, முதல் மணிநேரத்தில் தூங்குகிறவன். போராட்டத்தைப் பற்றி அவனிடம் கேட்டேன். "சார், மத்த கடைன்னா அடுத்த கடைக்குப் போயிருவோம்லா? இவங்களுக்கு நல்லாத் தெரியும், நாங்க எங்கயும் போ மாட்டோம்னு. அதான் இந்தக் கூத்து" என்றான். அந்த ஒரு பதிலில் ரசிகப் பொருளாதாரம் முழுவதும் அடங்கிவிட்டது. அன்று நான் நடத்த எடுத்துவைத்திருந்தது புறநானூறு என்பது தற்செயல்தான். ஆனால் பாடத்தை வேறுவிதமாக நடத்தினேன்.

புறநானூற்றில் 'பரிசில் கடாநிலை' என்றொரு துறை உண்டு. பரிசில் தரக் காலம் தாழ்த்தும் புரவலனை, தன் நிலையைச் சொல்லி வேண்டித் தூண்டுவது அது. நம் புலவர்கள் புரவலனைப் புகழ மட்டுமே பிறந்தவர்கள் என்று நினைப்போர் அந்தப் பாடல்களைப் படிக்கவேண்டும். அதியமான் பரிசில் நீட்டித்தபோது ஔவையார் வாயில்காவலனிடமே தம் சினத்தைச் சொல்லிவிட்டுப் புறப்படத் துணிகிறார். தம்மை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை, தாம் வாணிக நோக்கோடு வந்த பரிசிலன் அல்லர் என்று சொல்லிப் பெருஞ்சித்திரனார் மறுக்கிறார். கொடுப்பவன் முகத்தைப் பார்க்கவேண்டும், அவன் நம்மை மதிக்கவேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

ஆனால் பழைய பரிசிலனுக்கும் இன்றைய ரசிகனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஔவையார் மூட்டையைக் கட்டினால் வேறொரு வள்ளலின் ஊருக்குப் போகலாம். திறமையுள்ளவருக்கு எத்திசையிலும் சோறு உண்டு என்ற தெம்பு அவருக்கு இருந்தது. என் மாணவனுக்கு அந்தத் தெம்பு இல்லை. மஞ்சளைக் கழற்றிவிட்டு அவனால் பெங்களூருவின் நீலத்தை அணிய முடியாது. கழகத்தை மாற்றுகிறவன் ரசிகன் அல்லன், வாடிக்கையாளன். அதைவிட வேடிக்கை, இங்கே பரிசில் கொடுக்கிறவனே ரசிகன்தான்! டிக்கெட்டுக்கும் சட்டைக்கும் காசு கொடுப்பவனும் அவனே, வாயிலில் நின்று வேண்டுபவனும் அவனே. புரவலன் யார், இரவலன் யார் என்ற வரிசையே இதில் தலைகீழாகிவிடுகிறது.

உரிமையாளர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை ஒருதலை வழக்காகிவிடும். இந்த லீகில் கழகம் நடத்தி எவரும் செல்வந்தர் ஆகவில்லை. நட்டத்தில்தான் நடத்துகிறோம் என்று கழகங்களே பலமுறை சொல்லிவிட்டன. பணம் போட்டவர்களுக்குக் களைப்பு வருவது இயல்பு. ஆட்டம் நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஆண்டில் சம்பளத்தை நிறுத்திவைத்ததற்குக் கூட்டமைப்பின் குழப்பமும் காரணம். அந்தக் கூட்டமைப்போ, 2022 ஆகஸ்டில் வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபிஃபாவால் சில நாள் இடைநீக்கம் செய்யப்பட்ட வரலாறு உடையது. ஆகவே பழி ஒரு வீட்டு வாசலில் மட்டும் கிடக்கவில்லை.

ஆனால் அமைப்பிலேயே ஒரு கோளாறு இருந்தது. 2024-25 பருவம் வரை இந்த லீகிலிருந்து எந்த அணியும் கீழே இறக்கப்பட்டதில்லை. உலகின் பெரும்பாலான நாடுகளில் மோசமாக நடத்தப்படும் கழகம் அடுத்த தட்டுக்கு இறங்கும். இறங்குவோமோ என்ற அச்சமே நிர்வாகத்தின் கண்ணில் உறக்கம் இல்லாமல் வைத்திருக்கும். இங்கே கடைசி இடத்தில் முடித்தாலும் அடுத்த ஆண்டு அதே மேடை, அதே விளக்கு. தோல்விக்கு ரசிகன் மட்டுமே தண்டனை அனுபவிக்கிறான்.

கீழிருந்து மேலேற முயன்றவர்களின் கதியும் நமக்குத் தெரியும். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெத்ரோ மான்சி கோல்களாகக் குவித்தார். சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் அதே ஆண்டில் அதன் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. ஆனால் அடுத்த பருவத்திலேயே நாட்டின் முதல்நிலை லீக் என்ற தகுதி சூப்பர் லீகுக்குப் போய்விட்டது. வாகையர் ஓர் ஆட்டமும் தோற்காமலே இரண்டாம் தட்டுக்கு இறங்கினார்கள்! 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீகிலும் அந்தப் பெயர் இல்லை. நேரு மைதானத்தின் படிகளில் நின்று அந்த அணிக்காகக் கத்திய கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் இப்போது யாருக்காகக் கத்துகிறார்கள்? குமரிக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட மைக்கேல் சூசைராஜ் போன்றவர்கள் பெரிய லீகுக்குப் போக அந்த அணிதான் ஏணியாக இருந்தது. ஏணியைச் சாய்த்துவிட்டு, மாடிக்கு ஆள் வரவில்லையே என்று நாம் வருந்திக்கொண்டிருக்கிறோம்.

வேறு நாடுகளில் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? லண்டனின் விம்பிள்டன் கழகத்தை அதன் உரிமையாளர்கள் மில்டன் கீன்ஸ் என்ற வேற்றூருக்குப் பெயர்த்துக்கொண்டுபோக 2002-இல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் கூடி ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதுக் கழகத்தையே தொடங்கினார்கள். ஒன்பதாம் தட்டில் தொடங்கி, 2011-இல் நாட்டின் முதல் நான்கு தட்டுகளுக்குள் நுழைந்தார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டைக் கடன் வாங்கி விலைக்கு வாங்கிய கிளேசர் குடும்பத்தை எதிர்த்து 2005-இல் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் பிறந்தது. ஜெர்மனியில் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும் என்பது விதி. 2024-இன் தொடக்கத்தில் லீகின் வருவாயில் வெளி முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்க முனைந்தபோது, ரசிகர்கள் ஆட்டந்தோறும் டென்னிஸ் பந்துகளைக் களத்தில் எறிந்து நிறுத்தினார்கள். பிப்ரவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகத்துக்கெனத் தனிச் சட்டம் 2025-இல் இயற்றப்பட்டு, கழகங்களைக் கண்காணிக்கத் தன்னாட்சி அமைப்பு ஒன்று உருவாக்கப்பட்டிருக்கிறது.

நமக்கு அவை எல்லாம் உடனே வாய்க்கும் என்று நான் கனவு காணவில்லை. நூற்றாண்டு கடந்த கழகங்களின் வழக்கங்கள் அவை. நம்முடையதற்கு வயது பன்னிரண்டு. தமிழ்நாட்டில் ரசிகர் மன்றம் என்றால் கட்-அவுட்டுக்குப் பாலூற்றுவது என்று நாம் பழகிவிட்டோம். கேள்வி கேட்கும் ரசிகன் என்பதே நமக்குப் புதிய வகை. ஆகவே சிறிய கோரிக்கைகளாகவே சொல்லிப் பார்க்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை நிர்வாகம் ரசிகர்கள் முன் அமர்ந்து, கடந்த பருவத்தில் என்ன தவறியது, அடுத்ததற்கு என்ன திட்டம் என்று சொல்லட்டும். ரசிகர் அமைப்புகளின் பிரதிநிதி ஒருவருக்கு, வாக்குரிமை இல்லாவிட்டாலும் கேட்கும் உரிமையோடு ஒரு நாற்காலி கொடுக்கட்டும். வியாசர்பாடியையும் குமரிக் கடற்கரையையும் தாண்டி, தென்காசி போன்ற மாவட்டங்களின் பள்ளி மைதானங்களுக்கும் ஆளனுப்பட்டும். சம்பளத்தை நிறுத்திவைக்கும் நிலை வந்தால், அதைச் செய்தித்தாளில் படிப்பதற்கு முன் எங்களிடம் சொல்லட்டும். இவற்றுள் எதற்கும் கோடிகள் தேவையில்லை.

டிக்கெட் வாங்க மறுப்பதா, வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் குரலெழுப்புவதா என்பதில் என் மருமகனுக்கும் எனக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை. வெற்றிருக்கையைத் தவிர வேறு மொழி அவர்களுக்குப் புரியாது என்பது அவன் கட்சி. வெற்றிருக்கையைக் காட்டித்தான் கடையை மூடுவார்கள் என்பது என் அச்சம். சென்னை சிட்டியின் கதை என் கண்முன் நிற்கிறது. ஆனால் இருவரும் ஒரே துறையில்தான் பாடுகிறோம் என்று நினைக்கிறேன். வாயிலில் நின்று கேட்பதும் கடாநிலைதான், திரும்பி நடப்பதும் கடாநிலைதான்.

பிசிராந்தையாரைப் பற்றி மாணவர்களிடம் ஒன்று சொல்வதுண்டு. பாண்டியன் அறிவுடைநம்பியிடம் சென்று, முறையறிந்து வரி வாங்கினால் நாடு தழைக்கும், யானை வயலில் புகுந்ததுபோல் வாங்கினால் யானைக்கும் பயனில்லை, வயலும் பாழ் என்று இடித்துச் சொன்னவர் அவர். நேரில் ஒருமுறையும் காணாத கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, நெடுந்தொலைவு நடந்து வந்து தாமும் உயிர்விட்டவரும் அவரே. கண்டிப்பும் காதலும் வேறு வேறு மனிதர்களின் வேலை என்று நாம் பிரித்துவைத்திருக்கிறோம். அவருக்கு அந்தப் பிரிவினை தெரியாது. கழகத்தின் அலுவலகத்தில் அமர்ந்திருப்போர் எங்களைத் தொல்லை என்று நினைக்கும்போது, கோபிக்கிறவர்கள் இருக்கும்வரைதான் கழகம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். கோபமும் அடங்கியபின் எஞ்சுவது வெற்றுப் படிக்கட்டுகள்தாம்.

பருவம் தொடங்கியபின் ஒருநாள் இரவு, இடைவேளையில் என் தொலைபேசி ஒலித்தது. அவன் டிக்கெட் வாங்கவில்லை. கழுத்துத்துண்டும் மேல்தட்டிலிருந்து இறங்கவில்லை. திரையில்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தற்காப்பு வரிசையைப் பற்றி ஐந்து நிமிடம் திட்டினான். பிறகு அம்மாவின் கண் அறுவைக்கு எந்த மருத்துவரிடம் போகலாம் என்று கேட்டான்.